முனகும் பெட்டியும் மகிழ்ச்சி மையமும்

பெட்டி வீட்டுக்கு வந்த இருபதாம் நாள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கு ஒரு வாரம் கழித்துப் பெட்டி முனக ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். பெட்டியைச் செய்த நிறுவனமும் அதையேதான் சொன்னது, ஆனால் எழுத்துமூலமாக.

அவர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பத்து மாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றபடியே, "மேல மோட்டார்ல பேரிங் போச்சு" என்று சொல்லிவிடுவார். இத்தனை வருடம் கெட்டுப்போன சத்தமாகக் கேட்ட காதுக்கு இனியாவது நல்ல சத்தம் கேட்கட்டும் என்று, ஓய்வு பெற்ற மாதமே ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினார். ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், முழங்கால் உயரத்துக்கு ஒரு சப் ஊஃபர் பெட்டி. டீவியின் சொந்தக் குரல் எப்போதோ கம்மிப்போயிருந்தது.

பக்கவாதம் வலது கையையும் காலையும் பாதியளவு திருப்பிக் கொடுத்தது. பேச்சை மட்டும் தானே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை அவருக்கு விட்டுவைத்தது. "ஆமா." தண்ணீர் வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. மனைவியைக் கூப்பிட ஓர் ஆமா, கோபத்துக்கு இன்னோர் ஆமா. பிறர் பேசுவது அவருக்கு நன்றாகவே புரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வாயால் ஆமா என்பார். பிறகு, சொன்ன பேச்சைக் கேட்காத வேலையாளை முறைப்பதுபோலத் தன் வாயையே நினைத்து முகத்தைச் சுளிப்பார்.

அவர் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் ஃப்ரேம்களுக்கு லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தாள். காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் திரும்ப முடியும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா அவளிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்துச் சொன்னார்: "இதுல நூத்தி இருபது சொல் இருக்கு. தினமும் டீவில போட்டுக் கேக்கச் சொல்லுங்க, கூடவே சொல்லிப் பாக்கச் சொல்லுங்க. முதல் ஆறு மாசம்தான்மா முக்கியம். வர்றது அதுக்குள்ள வந்துடும்."

"அதுக்கப்புறம்?"

"முதல்ல ஆறு மாசத்தைப் பாப்போம்."

பாடத்தைப் போட்டார்கள். பெட்டி "ம்ம்ம்ம்" என்றது. சத்தத்தைக் குறைத்தால் பாடம் குறைந்ததே தவிர முனகல் குறையவில்லை. ஊஃபரை மட்டும் அணைத்துவிடலாம் என்றால், மற்ற ஐந்துக்கும் குரல் அதன் வயிற்றிலிருந்துதான் போனது. வேறு யாராக இருந்தாலும் பழகிக்கொண்டிருப்பார்கள். அவரால் முடியவில்லை. மோட்டார் முனகினால் ஓடிப்போய் நிறுத்த வேண்டும், உள்ளே ஆள் இருப்பார்கள் என்று முப்பத்தொரு வருடம் பழகிய காது அது. பத்து நிமிடம் உட்காருவார். நெற்றி வியர்க்கும். கைத்தடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்.

அவள் நிறுவனத்துக்கு ஃபோன் செய்தாள். அங்கே புகார்ப் பிரிவு என்று ஒன்று கிடையாது. புகார் என்ற சொல்லே மனதைச் சோர்வடையச் செய்கிறது என்று கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம் என்று வைத்திருந்தார்கள்.

"வணக்கம் மேடம், நான் உங்க மகிழ்ச்சி அலுவலர். சொல்லுங்க."

"ஊஃபர்ல சத்தம் வருதுங்க."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"இல்லங்க, பாட்டு எதுவும் ஓடாதப்பவும் ம்ம்னு முனகிக்கிட்டே இருக்கு."

"முனகலா, உறுமலா, இரைச்சலா மேடம்? மூணுக்கும் தனித்தனி பிரிவு."

அவள் கொஞ்சம் யோசித்து, "முனகல்தான்னு நினைக்கிறேன்" என்றாள். சந்தேகம் வேண்டாமென்று ஃபோனைப் பெட்டியருகே பிடித்தாள்.

"மேடம், ஃபோன் வழியா கேக்கிற சத்தம் ஃபோனோட சத்தமாக்கூட இருக்கலாம். அதுக்கு நாங்க பொறுப்பாக முடியாது. பில் யார் பேர்ல இருக்கு?"

"என் வீட்டுக்காரர் பேர்ல."

"அப்ப அவர்தான் வாடிக்கையாளர். டெக்னீஷியன் வந்து பாத்ததும் அவர்கிட்டதான் கேட்டு உறுதி பண்ணுவோம். அவர் வாயால சொல்லணும்."

"அவரால பேச முடியாதுங்க. பக்கவாதம்."

"சீக்கிரம் குணமாக எங்க குடும்பத்தோட வாழ்த்துக்கள் மேடம்" என்றது அந்தக் குரல். அங்கே குடும்பம் என்றால் நிறுவனம் என்றுதான் அர்த்தம்.

மூன்று வாரம் கழித்து டெக்னீஷியன் வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"நல்லாவே கேக்குதுக்கா. ஆனா நான் கேட்டது செல்லாது. படிவத்துல 'சத்தத்தைக் கேட்டவர்'னு ஒரு கட்டம் இருக்கு, அதுல வாடிக்கையாளர் மட்டும்தான் வரலாம்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் பதினெட்டுப் படிகள் இருந்தன. முதல் வருட டெக்னீஷியனுக்கு ஆறு படி வரைக்கும்தான் அனுமதி. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினார். அடியில் ரப்பர் வைத்தார். பிளக்கைத் திருப்பிச் செருகினார். வேறு சுவிட்சில் போட்டுப் பார்த்தார். பின்னால் இருந்த திருகியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். ஆறாவது படி பெட்டியைத் துணியால் துடைப்பது. துடைத்தார். பெட்டி பளபளப்பாக முனகியது.

அப்போது லிஃப்ட் மெக்கானிக் எழுந்து வந்தார். டெக்னீஷியனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீவிக்குப் பின்னால் போனார். சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து டீவியில் முடியும் உருண்டையான கேபிள் வயரைக் கைத்தடியால் தட்டித் தட்டிக் காட்டினார். தட்டும்போதெல்லாம் அவர் முகத்தில் பழைய அதிகாரம் தெரிந்தது.

"என்ன சார், கேபிள்ல படம் சரியா வரலையா?"

"ஆமா" என்றார் அவர், தலையை வேகமாக இல்லை என்று ஆட்டிக்கொண்டே.

"வயர் லூசா இருக்கும் சார். இது எங்க வேலையில்ல. ஆனா உங்களுக்காகப் பண்றேன்." வயரை நன்றாக உள்ளே அழுத்தி, கறுப்பு டேப்பை ஏழு சுற்றுச் சுற்றினார். "இனி ஜென்மத்துக்கும் கழறாது."

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

டெக்னீஷியன் கிளம்பிய கால்மணி நேரத்தில் கணவரின் பழைய பட்டன் ஃபோன் அடித்தது. அவள் எடுப்பதற்குள் அவரே எடுத்துவிட்டார். அடிக்கிற ஃபோனை அவரால் விட முடியாது.

"சார், மகிழ்ச்சி மையத்துலேருந்து பேசறோம். எங்க டெக்னீஷியன் வந்தாரா?"

"ஆமா."

"உங்க பிரச்சினை தீர்ந்துடுச்சா சார்?"

"ஆமா." தலை பலமாக ஆடியது.

"எங்க சேவையில முழு திருப்தியா சார்?"

"ஆமா! ஆமா! ஆமா!" என்று கத்தி, ஃபோனைச் சோபாவில் எறிந்தார். சோபாவிலிருந்து ஃபோன், "உங்க உற்சாகத்துக்கு மிக்க நன்றி சார்" என்றது.

கோரிக்கை முடித்துவைக்கப்பட்டதாக உடனே குறுஞ்செய்தி வந்தது. அவள் மறுபடி ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் சொல்லும் ஆமாவுக்கு இல்லை என்று அர்த்தம் என்றாள்.

"எப்பவுமே இல்லைன்னுதான் அர்த்தமா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாது. சில சமயம் ஆமான்னும் அர்த்தம்."

"எங்க பட்டியல்ல ஆமாவுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கு மேடம். புதுசா ஒரு கோரிக்கை பதிஞ்சுக்கிறேன்."

இரண்டாம் கோரிக்கைக்கு அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கணவரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஃபோன் வந்ததும் பறித்துக்கொண்டு, "இல்லை, திருப்தி இல்லை" என்றாள். பெண் குரலாக இருப்பதால் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதி, கோரிக்கையை முடித்துவிட்டார்கள். மூன்றாம் தடவை ஃபோனையே கடைக்கு எடுத்துப்போனாள். மூன்று முறை முயன்றும் வாடிக்கையாளர் தம் மகிழ்ச்சியில் அக்கறை காட்டவில்லை என்று பதிவானது.

பில்லைத் தன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. அதற்கும் அவர் சம்மதத்தை வாயால் சொல்ல வேண்டும். கேட்டதும் அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. முதல் தடவையாக அந்தச் சொல் அவர்கள் பக்கம் வேலை செய்யப்போகிறது. மாற்றலாமா என்று கேட்பார்கள், அவர் ஆமா என்பார், முடிந்தது. அன்று ஃபோனை அவளே எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"சார், பில் உங்க பேர்லயே தொடரணும்னு விரும்பறீங்களா?"

"ஆமா."

அவள் ஃபோனைப் பிடுங்கினாள். "ஏங்க, கேள்வியை மாத்திக் கேளுங்களேன்! மனைவி பேருக்கு மாத்தலாமான்னு கேளுங்க!"

"கேள்வியெல்லாம் தலைமை அலுவலகத்துல எழுதினது மேடம். எங்களுக்குப் பதில் வாங்கத்தான் அனுமதி."

இப்படி ஐந்து மாதம் போயிற்று. பேச்சுப் பயிற்சிக்கார அம்மா அவர் நாக்கைப் பார்த்து, தொண்டையைப் பார்த்து, நோட்டைப் பார்த்தார். "வீட்டுல பாடம் கேக்கறாரா?" என்றார். அவள் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "சீக்கிரம் சரி பண்ணுங்கம்மா" என்றார். அந்தச் 'சீக்கிரம்' அவளைப் பயமுறுத்தியது.

மறுநாளே மருத்துவச் சான்றிதழுடன் மண்டல அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த கூடம், உட்கார்ந்தால் எழ முடியாத சோபா. சுவரெல்லாம் சிரித்த முகங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மண்டல மகிழ்ச்சித் தலைவர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"பேச இயலாதவர்னு எழுதியிருக்காங்க."

"ஆமாங்க."

கணினியைத் தட்டினார். "எங்க ரெக்கார்டுல பதினாலு தடவை பேசியிருக்காரே. ஒவ்வொண்ணும் பதிவாகியிருக்கு. டாக்டர் நேர்ல ஒரு தடவை பாத்திருப்பாரு. நாங்க பதினாலு தடவை கேட்டிருக்கோம்."

"அந்த ஒரு சொல்தாங்க அவருக்கு வரும்."

"ஒரு சொல் போதும் மேடம்." தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் குரலில் உண்மையான உருக்கம் இருந்தது. "நான் இந்தத் துறையில இருபத்திரண்டு வருஷமா இருக்கேன். வாடிக்கையாளரோட குரல்தான் எங்களுக்கு எல்லாம். அவர் என்ன நினைக்கிறாரு, என்ன கஷ்டப்படறாரு, அதுக்குள்ளல்லாம் நாங்க போறதில்ல. அது அவரோட சொந்த விஷயம். அவர் குரல் என்ன சொல்லுதோ அதை அப்படியே காப்பாத்தறோம். அதை மாத்த யாரையும் விட மாட்டோம், அவரோட மனைவியா இருந்தாலும் சரி. நாளைக்கு உங்க குரலை யாராவது மாத்தினா நாங்க சும்மா இருப்போமா?"

அவள் சான்றிதழை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். தலைவர் மீண்டும் திரையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பதினாலு அழைப்பு. பதினாலுலயும் ஒரு இல்லைகூட இல்ல. மேடம், இந்த மண்டலத்துல இப்படி ஒருத்தர் இதுவரைக்கும் கிடையாது. எல்லாரும் ஏதாவது ஒரு கேள்விக்காவது இழுப்பாங்க." எழுந்து நின்று கையை நீட்டினார். "அடுத்த வாரம் எங்களோட முழுத் திருப்தி வாரம். சாரை அவர் வீட்டுக்கே வந்து கௌரவிக்கணும்னு ஆசைப்படறேன்."

புகார் கொடுக்கப் போன இடத்தில் கணவருக்கு விருது கிடைத்துவிட்டது. அவள் மறுத்திருக்கலாம். ஆனால் நாலு பேர் வீட்டுக்கு வந்தால் நாலு பேர் காதிலும் அந்த முனகல் விழாமலா போகும் என்று தோன்றியது. சரி என்றாள்.

சனிக்கிழமை காலை வந்தார்கள். தலைவர், கேமராக்காரர், பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு அந்த டெக்னீஷியன். அவள் முன்னேற்பாடாகப் பெட்டியைப் போட்டே வைத்திருந்தாள். கணவருக்கு இஸ்திரி போட்ட சட்டை. அவரைப் பெட்டியின் பக்கத்தில் உட்காரவைத்துச் சட்டையில் மைக்கைக் குத்தினார்கள்.

கேமராக்காரர் காதில் மாட்டிய கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். "சார், ஏதோ முனகற சத்தம் வருது. ரெக்கார்டிங்கைக் கெடுக்குது."

"அதுதாங்க!" என்று அவள் பாய்ந்தாள். "அதுதாங்க அந்தச் சத்தம்! ஐயா, கேக்குதா உங்களுக்கு?"

தலைவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "அட, ஆமா. ரொம்பத் தொந்தரவா இருக்கே. இதோட எப்படி ஒருத்தர் உக்காந்து பேசறது?" குனிந்து பெட்டியை அணைத்தார். அறை அமைதியாயிற்று.

"இதைத்தாங்க ஐயா நான் அஞ்சு மாசமா சொல்றேன்."

"எதை?"

"அந்த முனகலை."

"இப்ப இல்லையே மேடம்" என்றார் தலைவர். அவர் முகத்தில் துளியும் கள்ளம் இல்லை. டெக்னீஷியன் பூங்கொத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கேமரா ஓடியது. தலைவர் கால்மணி நேரம் பேசினார். நல்ல ஒலி என்பது காதில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது என்றார். வாடிக்கையாளர் குறை சொல்லாத நாளே தங்கள் பொறியாளர்களுக்குத் திருநாள் என்றார். பிறகு லிஃப்ட் மெக்கானிக்கின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"சார், நேயர்களுக்காக ஒரே வார்த்தையில சொல்லுங்க. எங்க சேவை உங்க வாழ்க்கையையே மாத்திடுச்சு இல்லையா?"

அவர் தலைவரைப் பார்த்தார். பற்களை இறுகக் கடித்துக்கொண்டார். வேறு ஏதோ ஒரு சொல்லைத் தேடிக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தன. உதடு ஒரு பக்கம் கோணியது. அவள் தன்னையறியாமல் முந்தானையைக் கசக்கினாள். எந்தச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கெட்ட வார்த்தையாவது வந்துவிடாதா என்று இருந்தது அவளுக்கு.

"ஆமா" என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஆனந்தக் கண்ணீர்" என்று தலைவர் கிசுகிசுத்தார். "கிட்டப் போய் எடு, கிட்டப் போய்."

கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரத்தைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அவள் பெட்டியை மறுபடி போட்டபோது பத்திரத்தின் கண்ணாடியும் சேர்ந்து அதிர்ந்தது.

அடுத்த மாதம் பயிற்சிக்கார அம்மா, இனி வாரம் மூன்று நாள் வர வேண்டாம், மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார். ஆறு மாதம் முடிந்துவிட்டது என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது.

அதற்கும் பிறகு ஒருநாள், விருது கொடுத்த அன்று எடுத்த படத்தை யாருக்கும் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்காக அவள் கடையிலிருந்து மகிழ்ச்சி மையத்துக்கு ஃபோன் செய்தாள். மகிழ்ச்சி அலுவலர்கள் அனைவரும் பிறரை மகிழ்வித்துக்கொண்டிருப்பதாகவும் காத்திருக்கும்படியும் ஒரு குரல் சொன்னது. பிறகு இசை. இசைக்கு நடுவே, "எங்கள் சேவை உங்கள் வாழ்க்கையையே மாற்றிவிட்டது இல்லையா?" என்று ஒரு கேள்வி. தொடர்ந்து அவள் கணவரின் குரல். "ஆமா."

கையிலிருந்த லென்ஸை மெதுவாகத் துணியின் மேல் வைத்தாள். இசை சுற்றி வந்தது. மறுபடி கேள்வி, மறுபடி அவர். யாரோ ஓர் அலுவலர் நடுவில் எடுத்து, "வணக்கம் மேடம், சொல்லுங்க" என்றார். அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி அந்த எண்ணுக்கே போட்டாள். படத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. அடியில் முனகல் எதுவும் இல்லாமல் அவர் குரலை வீட்டில் பல மாதங்களாகக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. ஒன்பது முறை கேட்டாள். கடை முதலாளி எட்டிப் பார்த்தபோதுதான் ஃபோனை வைத்தாள்.

அன்று மாலை வீடு திரும்பியபோது கதவுக்கு வெளியிலேயே ஏதோ குறைவதுபோல இருந்தது. உள்ளே டீவி படமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, பெட்டியின் சிவப்பு விளக்கும் எரிந்தது. முனகல் இல்லை. அவர் டீவிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் அவருடைய பழைய கட்டிங் பிளேயர்; அதை அழுத்த அந்தக் கை இத்தனை மாதம் பழகியிருக்க வேண்டும். எதிரே, ஏழு சுற்று டேப்போடு கேபிள் வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். துளி அதிர்வுமில்லாமல் கல்போல இருந்தது. "இதைத்தான் அன்னிக்கே காட்டினீங்களா?" என்றாள். "இந்த வயர் வழியாத்தான் வந்ததா?"

"ஆமா" என்றார் அவர். தலையும் மேலும் கீழுமாக ஆடியது. வாயும் தலையும் ஒத்துப்போனதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

சிரித்து முடிப்பதற்குள் குறுஞ்செய்தி வந்தது. மதியம் மகிழ்ச்சி மையம் அவரிடம் வழக்கம்போலப் பேசியிருக்கிறது. தங்கள் பொறியாளர்களின் அயராத முயற்சியால் சத்தம் முற்றிலும் நீங்கியதில் பெருமை கொள்வதாகவும், வாடிக்கையாளர் இதைத் தம் வாயால் உறுதிசெய்ததாகவும் எழுதியிருந்தார்கள். முதல் தடவையாக அவர்கள் எழுதியதில் பாதி உண்மையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாடத்தைப் போட்டு உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு டம்ளர் வந்தது. "தண்ணி" என்றது பெண் குரல். பிறகு அது காத்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு, சொல்லிப் பார்ப்பதற்கென்று நான்கு விநாடி விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அந்த நான்கு விநாடியையும் பெட்டியே நிரப்பியிருந்தது. அவர் உதடு குவிந்தது. நாக்கு மேலே போய் எதையோ தொட்டுவிட்டு இறங்கியது. மூச்சு மட்டும் வந்தது. "கதவு" என்றது குரல். காத்திருந்தது. "சாவி" என்றது. காத்திருந்தது. அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் அவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

நூற்றிருபது சொற்களும் தீர்ந்ததும் குரல் உற்சாகமாகி, "அருமை! எல்லாத்தையும் ரொம்ப அழகா சொன்னீங்க" என்றது.

அவள் ரிமோட்டை எடுத்து அணைக்கப் போனாள். அவர் இடது கையால் அதை வாங்கிக்கொண்டு, ஒரு பட்டனைத் தேடிப் பிடித்து, பாடத்தை முதலிலிருந்து ஓடவிட்டார்.